மழைநீர் இறங்கும் சாலைத் தளம்: செலவு என்ன, பலன் என்ன? சென்னையை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. சித்திரை, வைகாசியில் அதே தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. பெய்த மழை மண்ணுக்குள் போக வழியில்லாமல் தாரும் சிமெண்ட்டும் போட்டு மூடி வைத்திருக்கிறோம். மூடிய தரையையே மழையை உள்ளே விடும் தரையாகப் போட முடியும். குடியிருப்போர் சங்கங்களிலும் அபார்ட்மெண்ட் கூட்டங்களிலும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நீர் இறங்கும் தளம் என்றால் என்ன?

மேலே விழும் மழை ஓடிப் போகாமல் தளத்தின் வழியாகவே கீழே இறங்கும். கீழே தூசியில்லாத ஜல்லி, ஒரு அடியோ அதற்கு மேலோ நிரப்பப்பட்டிருக்கும். ஜல்லிக் கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் தங்கி, பிறகு மெதுவாக மண்ணுக்குள் போகும்.

மேலே நடந்து போகிறவர் கண்ணுக்குத் தளம் மட்டும்தான் தெரியும். வேலை செய்வது கீழே இருக்கும் ஜல்லி. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

எங்கள் தெருவில் ஏற்கெனவே பேவர் பிளாக் போட்டிருக்கிறார்கள். அதுவும் இதுதானே?

இல்லை. சென்னையில் வீட்டு வாசலிலும் நடைபாதையிலும் நாம் பார்க்கும் பேவர் பிளாக் தளங்களில் மிகப் பெரும்பாலானவை தண்ணீரை உள்ளே விடாது.

போடும் விதத்தைப் பாருங்கள். முதலில் மண்ணை ரோலர் விட்டு இறுக்குவார்கள். அதன்மேல் கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது வரும் தூள்) கலந்த ஜல்லி, அல்லது மூன்று நான்கு அங்குலத்துக்கு கான்கிரீட். அதற்கு மேல் எம்-சாண்ட் என்ற செயற்கை மணலைப் பரப்பி, பிளாக்கை நெருக்கி அடுக்கி, இடுக்கில் நைஸ் மணலைத் தள்ளிப் பெருக்கிவிடுவார்கள். சில இடங்களில் இடுக்கில் சிமெண்ட் பாலே ஊற்றிவிடுகிறார்கள். இதில் தண்ணீர் எங்கே போகும்? முதல் பத்து நிமிட மழைக்கே மணல் இடுக்கு நிரம்பி, மீதி அத்தனையும் வாசலுக்கு ஓடும்.

நீர் இறங்கும் தளத்திலும் பிளாக் உண்டு. ஆனால் இடுக்கு அகலமாக இருக்கும். அதில் மணலுக்குப் பதில் 2 முதல் 5 மில்லிமீட்டர் பொடிக்கல் இருக்கும். அடியில் சிப்ஸ் எனும் சிறு ஜல்லி, அதற்கும் அடியில் முக்கால் அங்குல அளவுள்ள முக்கால் ஜல்லி, கடைசியில் ஒன்றரை அங்குல அளவுள்ள ஒன்றரை ஜல்லி. மேலிருந்து கீழ்வரை எங்கேயும் மணலோ டஸ்டோ இருக்கக் கூடாது. ஒரே ஒரு அடுக்கில் டஸ்ட் கலந்துவிட்டால் மொத்தக் காசும் வீண்.

எத்தனை வகை இருக்கிறது?

நம் ஊருக்குத் தேவையானவை மூன்று.

முதலாவது, மேலே சொன்ன அகல இடுக்கு பிளாக். இரண்டாவது, மணல் இல்லாமல் போடும் கான்கிரீட். சிறு ஜல்லி, சிமெண்ட், அளவான தண்ணீர், அவ்வளவுதான். ஜல்லியின்மேல் சிமெண்ட் பசை ஒட்டிப் பிடித்து, பார்க்கப் பொரி உருண்டை மாதிரி இருக்கும். இதில் 15 முதல் 25 சதவீதம் வெற்றிடம். மூன்றாவது, பொடிக்கல்லைக் குறைத்துப் போடும் தார்த் தளம். அமெரிக்காவில் 1970களிலிருந்தே இது கார் நிறுத்தங்களில் இருக்கிறது.

நெதர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் பெரும்பாலானவற்றில் நுண்துளைத் தார் உண்டே என்று சிலர் கேட்பார்கள். அது வேறு. அங்கே மேல் அடுக்கு மட்டும்தான் துளையுள்ளது. தண்ணீர் அதற்குள் பக்கவாட்டில் வழிந்து சாலையோரத்துக்குப் போய்விடும். டயர் சத்தம் குறையவும், மழையில் முன்னால் போகும் வண்டி நீரை வாரி இறைக்காமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. நிலத்தடி நீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என்னைக் கேட்டால், சென்னைத் தெருக்களுக்கு பிளாக்தான் சரி. காரணம் சாலை வெட்டு. இன்றைக்குக் குடிநீர் இணைப்பு, அடுத்த மாதம் பாதாளச் சாக்கடை, அதற்கடுத்த மாதம் கேபிள் என்று தோண்டிக்கொண்டே இருக்கும் ஊரில், எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்கக்கூடிய தளம்தான் நிலைக்கும். கான்கிரீட்டையும் தாரையும் வெட்டினால் ஒட்டுப் போட்ட இடம் அடைபட்டே போகும்.

எவ்வளவு மழையைத் தாங்கும்?

தூசியில்லாத ஜல்லியில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம். ஒரு அடி, அதாவது 300 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி இருந்தால் 120 மில்லிமீட்டர் மழை அப்படியே உள்ளே நிற்கும். தங்கியிருக்கும் நேரத்தில் மண்ணும் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும்.

எவ்வளவு கூடுதல் என்பது மண்ணைப் பொறுத்தது. மணல் பாங்கான நிலம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் குடிக்கும். களிமண் 1 முதல் 5 மில்லிமீட்டர் குடித்தாலே பெரிது.

2015 மாதிரி வெள்ளம் வந்தால் இது காப்பாற்றுமா?

காப்பாற்றாது. 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அது போதாதென்று ஏரித் தண்ணீரும் அடையாற்றில் வந்தது. ஆறு கரை தாண்டி வரும்போது தெருத் தளம் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். சீனாவின் ஜெங்ஜோ நகரம் மழைநீரை உறிஞ்சும் நகரத் திட்டத்தில் பெரும் பணம் போட்ட ஊர். 2021 ஜூலை 20 அன்று அங்கே ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. சுரங்க ரயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து உயிர்கள் போயின.

ஆனால் சென்னையில் வருஷத்துக்கு எத்தனை நாள் அப்படிப் பெய்கிறது? நம்மை அலைக்கழிப்பது பெரும்பாலும் ஒரு மாலையில் அடிக்கும் 4, 5 சென்டிமீட்டர் மழை. ஸ்கூட்டர் சைலன்சரில் தண்ணீர் ஏறுவது, கீழ்வீட்டுப் படிக்கட்டுக்குள் சாக்கடை கலந்து வருவது எல்லாம் அந்த மழையில்தான். அந்த மழையை இந்தத் தளம் முழுசாகவே விழுங்கிவிடும். பெரிய வெள்ளத்துக்கு ஏரி, கால்வாய், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இவற்றைக் காப்பாற்றுவதுதான் வழி. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தட்டிக் கழிக்க அதிகாரிகளை விடக் கூடாது.

செலவு சாதாரணத் தளத்தைவிட எவ்வளவு கூடும்?

பிளாக் விலையில் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் வருவது ஜல்லியிலும், கூடுதலாகத் தோண்டுவதிலும், தோண்டிய மண்ணை ஏற்றி அனுப்புவதிலும்தான். ஜல்லி விலை குவாரிக்குக் குவாரி, மாதத்துக்கு மாதம் மாறும். எனவே அளவைத் தருகிறேன். உங்கள் ஊர் விலையைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

2,000 சதுர அடி கார் நிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து மேலாக: 8 அங்குலம் ஒன்றரை ஜல்லி, 4 அங்குலம் முக்கால் ஜல்லி, 2 அங்குலம் சிப்ஸ், மேலே 80 மில்லிமீட்டர் பிளாக். ஒரு யூனிட் 100 கன அடி. அப்படியென்றால் ஒன்றரை ஜல்லி 13 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், முக்கால் ஜல்லி 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழ், சிப்ஸ் மூன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இறுக்கும்போது அமுங்குவதற்குப் பத்து சதவீதம் சேர்த்துச் சொல்லுங்கள். தோண்டி எடுக்கும் மண் 28 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அள்ளும்போது தளர்ந்து இன்னும் பெருகும், லாரிக்காரர் அதற்குத்தான் கணக்குப் பண்ணுவார்.

இதே இடத்தில் சாதாரணத் தளம் போட்டால் தோண்டுவதும் அடித்தள ஜல்லியும் இதில் பாதிக்கும் கீழேதான் இருக்கும். ஆனால் அங்கே கான்கிரீட் படுகை, எம்-சாண்ட், மழைநீர்த் தொட்டி, அதிலிருந்து தெருவரை போகும் குழாய் என்று வேறு செலவுகள் உண்டு. இரண்டு எஸ்டிமேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வடிகால் செலவையும் சேர்த்துப் பாருங்கள். தளத்தை மட்டும் ஒப்பிட்டால் இது எப்போதும் தோற்கத்தான் செய்யும்.

வடிகால் செலவு மிச்சமாகும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பெல்ஹாம் என்ற ஊரில் போல்டர் ஹில்ஸ் என்ற 24 வீட்டுக் குடியிருப்பு 2009இல் கட்டப்பட்டது. உள்சாலை, வீட்டுப் பாதை எல்லாம் நீர் இறங்கும் தார். தளத்துக்கு மட்டும் பார்த்தால் செலவு கூடுதல்தான். ஆனால் வடிகால் தொட்டி, குழாய், ஓரக்கல், தேக்கக் குட்டை எதுவும் தேவைப்படவில்லை. வெட்டித் திருத்த வேண்டிய நிலமும் குறைந்தது. கூட்டிக் கழித்ததில் சுமார் 49,000 டாலர், அதாவது 6 சதவீதம் மிச்சம். அதே மாநிலத்தின் கிரீன்லாந்து மெடோஸ் வணிக வளாகத்தில் இந்தத் தாரும் ஜல்லி நிரப்பிய ஈரநிலமும் சேர்ந்து, மழைநீர் ஏற்பாட்டுச் செலவில் 26 சதவீதத்தைக் குறைத்தன. தொகை 9.3 லட்சம் டாலர்.

சரி, இதை அப்படியே சென்னைக்குப் பொருத்தலாமா? ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். அவை இரண்டும் வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டியவை. நம் தெருக்களில் மழைநீர் வடிகாலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. போட்ட பணம் போட்டதுதான். அதனால் நன்றாக இருக்கும் சாலையைப் பெயர்த்துவிட்டு இதைப் போடச் சொல்வது நியாயமில்லை. பாதாளச் சாக்கடைக்காக எப்படியும் முழுத் தெருவையும் தோண்டும்போது, புது மனைப்பிரிவு போடும்போது, அபார்ட்மெண்ட் வளாகத்தை இடித்துக் கட்டும்போது கேளுங்கள். அந்த நேரத்தில் கூடுதல் செலவு மிகக் குறைவு.

நம் ஊரில் யாருக்கும் இது தெரியாதே. தெரியாத வேலைக்கு கான்ட்ராக்டர் இரண்டு மடங்கு கேட்பாரே?

முதலில் கேட்பார். சிகாகோவிலும் அதுதான் நடந்தது. அந்த நகரத்தில் வீடுகளின் பின்பக்கச் சந்துகள் மட்டும் சுமார் 1,900 மைல் நீளம். பலவற்றுக்கு வடிகால் இணைப்பே கிடையாது. மழை வந்தால் கார் ஷெட்டுக்குள் தண்ணீர். 2006இல் அந்தச் சந்துகளை நீர் இறங்கும் தளமாக மாற்றும் திட்டத்தை மாநகராட்சி தொடங்கியது. முதல் ஆண்டில் அந்த கான்கிரீட்டுக்கு ஒரு கன கெஜம் 145 டாலர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே 45 டாலருக்கு இறங்கியது என்று அப்போது வந்த செய்திகள் சொல்லின. சாதாரண கான்கிரீட் அப்போது 50 டாலர் அளவில் இருந்தது.

விலையை இறக்கியது தொடர்ந்து வந்த வேலை. இந்த ஆண்டு ஒரு தெரு, ஐந்து ஆண்டு கழித்து இன்னொன்று என்று மாதிரித் திட்டமாகவே வைத்திருந்தால் எந்த சப்ளையரும் ஜல்லியைத் தூசி கழுவித் தரவோ அகல இடுக்கு பிளாக்குக்கு அச்சு வாங்கிப் போடவோ மாட்டார். மாநகராட்சி ஒரு மண்டலத்தின் நடைபாதை அத்தனையையும் மூன்று ஆண்டுக்கு இப்படித்தான் என்று அறிவித்தாலே சந்தை வந்துவிடும். நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எங்கள் ஏரியா களிமண். எங்களுக்கு இது வேண்டாமா?

சென்னை மண் ஒரே மாதிரி இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரம் மணல். அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரியில் கொஞ்சம் ஆழத்திலேயே பாறை.

மணலில் யோசிக்கவே வேண்டாம், போடலாம். களிமண்ணிலும் போடலாம், ஆனால் ஜல்லி அடுக்கின் அடியிலிருந்து சில அங்குலம் மேலே துளையிட்ட குழாயைப் படுக்க வைத்து மழைநீர் வடிகாலில் சேர்க்க வேண்டும். குழாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீரை மண் மெதுவாகக் குடிக்கும்; மீதி குழாய் வழியாகப் போகும். எல்லாத் தெருவிலிருந்தும் ஒரே நேரத்தில் வடிகாலுக்கு வந்து மோதும் தண்ணீர் இப்போது சில மணி நேரம் தள்ளி வரும். வடிகால் பொங்காமல் இருக்க அந்த இடைவெளியே போதும். களிமண்ணுக்கு அடியில் மணல் அடுக்கு இருந்தால் அதுவரை உறிஞ்சு கிணறு இறக்குவது இன்னும் நல்லது.

மண்ணைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. தளம் போடப் போகும் இடத்தில், அடுக்கின் அடிமட்டம் வரை ஒரு குழி எடுங்கள். தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். இரண்டாவது முறை நிரப்பி, ஒரு குச்சியில் குறி போட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் செய்தால் இன்னும் சரியான விடை கிடைக்கும். குழி தோண்டும்போதே தண்ணீர் ஊறி வந்தால் அந்த இடத்தில் போடாதீர்கள். ஜல்லியின் அடிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே இரண்டு மூன்று அடி மண்ணாவது இருக்க வேண்டும். கடலோரத்தில் மண் நல்லதாக இருந்தும் இந்தக் காரணத்தால் சில தெருக்கள் தகுதி இழக்கும்.

எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதே. அது போதாதா?

2003இல் தமிழ்நாட்டில் அதைக் கட்டாயமாக்கினார்கள். அதனால் கிணறுகளில் நீர் ஏறியதைப் பார்த்தவர்கள் நிறைய. ஆனால் அது மொட்டை மாடித் தண்ணீரைப் பிடிக்கிறது. தெருவிலும் கார் நிறுத்தத்திலும் விழுவது அதன் கணக்கில் வராது.

அதே 2,000 சதுர அடியை எடுத்துக்கொள்ளுங்கள். 186 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழை ஒன்று பெய்தால் அதில் விழுவது 9,300 லிட்டர். ஒரு 9,000 லிட்டர் லாரிக்கு மேல். ஆண்டு முழுவதும் பார்த்தால் 2.6 லட்சம் லிட்டர். அதில் பாதி மண்ணுக்குப் போனாலும் 1.3 லட்சம். 2019 ஜூலையில், தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்த தண்ணீர் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இதே அளவில் இருபது அபார்ட்மெண்ட் வளாகங்களின் கார் நிறுத்தங்கள் ஓராண்டில் அந்த அளவை நிலத்துக்குள் அனுப்பிவிடும்.

கடலோரப் பகுதிகளுக்கு இன்னொரு பலனும் உண்டு. நல்ல தண்ணீர் மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும்வரை கடல்நீர் உள்ளே வராது. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சி, உப்புநீர் உள்ளே ஏறியதை நாம் பார்த்துவிட்டோம்.

வண்டி எண்ணெய், சாலை அழுக்கு எல்லாம் நிலத்தடி நீரில் கலக்காதா?

டயர் துகள், பிரேக் தூசி, அதில் ஒட்டியிருக்கும் உலோகம் ஆகியவை பெரும்பாலும் மேல் அடுக்கிலேயே வடிகட்டப்படும். சொட்டும் எண்ணெயை ஜல்லியில் வளரும் நுண்ணுயிர்கள் சிதைக்கும். இப்போது அதே அழுக்குதான் வடிகால் வழியாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நேராகப் போகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஆனால் நீரில் கரையும் நைட்ரேட்டை இது சரியாகத் தடுக்காது. சாக்கடை பொங்கும் தெருவில் முதலில் சாக்கடையைச் சரிசெய்யுங்கள். பெட்ரோல் பங்க், மெக்கானிக் ஷெட், ரசாயனம் ஏற்றி இறக்கும் இடங்களில் போடவே கூடாது.

வெயிலில் சூடு குறையுமா?

ஈரமாக இருக்கும்வரை குறையும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும்போது தளம் குளிரும். கத்திரி வெயிலில், ஒரு மாதமாக மழையே இல்லாத தளம் பகலில் சாதாரணத் தளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுடலாம். வெற்றிடம் இருப்பதால் சூடு கீழே இறங்காது, மேலேயே நிற்கும். இரவில் சீக்கிரம் ஆறிவிடும். சூட்டைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் மரம் வையுங்கள்.

மரத்துக்கு நல்லதா?

ரொம்ப நல்லது. சாலையோர மரங்களின் அடிமரம்வரை சிமெண்ட் பூசி வைத்திருப்பதை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறோம். வேர் தண்ணீரும் காற்றும் கிடைக்காமல் மேலே வந்து நடைபாதையைப் பிளக்கிறது, புயலடித்தால் மரமே சாய்கிறது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நடைபாதை முழுக்கவே நீர் இறங்கும் தளமாக இருந்தால் வேர் பரவ அந்த ஒரு மீட்டருக்கும் மேலே இடம் கிடைக்கும்.

நம் ஊர் தூசிக்கு ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளாதா?

நியாயமான பயம். அடைபடும், ஆனால் நீங்கள் நினைக்கும் வேகத்தில் இல்லை.

மணலில்லா கான்கிரீட்டின் சுமாரான மாதிரியே ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 80 லிட்டர் இறக்கும். அதாவது மணிக்கு 4,800 மில்லிமீட்டர் மழை. அதில் 95 சதவீதம் அடைபட்டாலும் 240 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது. ஜெங்ஜோவில் பெய்ததைவிட அதிகம். மேலும் அடைப்பு மேலே ஒன்றிரண்டு அங்குலத்தோடு நின்றுவிடும்.

பராமரிப்பு என்பது ஆண்டுக்கு இரண்டு முறை உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்வது. நம் ஊரில் ஆடி மாதக் காற்று ஓய்ந்த பிறகு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு முறை கட்டாயம் வேண்டும். பிளாக் தளமென்றால் இடுக்கில் இருக்கும் பொடிக்கல்லும் கொஞ்சம் சேர்ந்து வரும். புதிதாக நிரப்பிவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் மேலிருக்கும் தூசி இடுக்குக்குள் போகும், அதனால் பலனில்லை.

உண்மையான எதிரி சாலைத் தூசி அல்ல. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர் ஒரு லோடு எம்-சாண்டைத் தெருவில் கொட்டி, அங்கேயே கலவை போட்டு, மாலையில் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார். சிமெண்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிட்டால் எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது. அந்தப் பகுதியின் பிளாக்கைப் பெயர்த்து, சிப்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும். தெருவில் கலவை போடுகிறவருக்கு அபராதம் விதிக்க மாநகராட்சிக்கு மனமில்லையென்றால் அந்தத் தெருவில் இந்தத் தளம் போடாமல் இருப்பதே மேல்.

பஸ், லாரி போகும் சாலைக்கு?

வேண்டாம். மணலில்லா கான்கிரீட்டின் வலிமை பொதுவாக 17 மெகாபாஸ்கல் (எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கான அளவு) அளவில்தான். வீட்டுத் தளத்துக்குப் போடும் எம்20 கான்கிரீட்டே 20. அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை எல்லாம் நம் பட்டியலில் இல்லை. நடைபாதை, கார் நிறுத்தம், முட்டுச்சந்து, குடியிருப்புத் தெரு, பள்ளி மைதானத்தின் ஓரம், கோயில் வெளிப்பிரகாரம், கல்யாண மண்டப வாசல் ஆகியவற்றுக்கு இது போதும். வாரத்துக்கு ஒரு தண்ணீர் லாரியும் குப்பை வண்டியும் வந்து போகும் தெருவென்றால் 80 மில்லிமீட்டர் பிளாக்கை மீன்முள் வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள், தாங்கும்.

சாலை போடப் போட வீடு பள்ளமாகிறதே, அது மாதிரி ஆகாதே?

தார்ச் சாலையில் பழைய அடுக்கைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால் வரும் வினை அது. பிளாக்கில் பழுது பார்க்க, எடுத்து அதே மட்டத்தில் வைப்பார்கள். புதிதாகப் போடும்போதும் தோண்டித்தான் போட வேண்டும் என்பதால் மட்டம் ஏறாது.

கொசு வருமா?

தண்ணீர் ஜல்லிக்குள் வெளிச்சம் படாமல் இருக்கிறது, இரண்டு மூன்று நாளில் வடிந்தும்விட வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். நாலு நாள் கழித்தும் நீர் நிற்கிறதென்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டு அஸ்திவாரத்துக்கு ஆபத்தா?

அடித்தளக் கார் நிறுத்தமோ பழைய செங்கல் அஸ்திவாரமோ இருந்தால் பத்து அடி தள்ளிப் போடுங்கள். தள்ள இடமில்லையென்றால் அந்தப் பக்கச் சுவரோரம் நீர் புகாத தடித்த ஷீட் இறக்கிவிடலாம்.

லாரித் தண்ணீரைக் கொட்டியதும் தரை குடித்துவிடும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்ததே, நிஜமா?

நிஜம்தான். 2015இல் பிரிட்டனின் டார்மாக் நிறுவனம் தன் டாப்மிக்ஸ் பெர்மியபிள் கான்கிரீட்டுக்காக எடுத்தது. ஒரு நிமிடத்தில் 4,000 லிட்டர். மேல் தளத்தின் திறமையைத்தான் வீடியோ காட்டுகிறது. குடித்த தண்ணீர் அடுத்து எங்கே போகிறது என்பது அதில் இல்லை. அடியில் ஜல்லியும் குடிக்கும் மண்ணும் இல்லாமல் மேலே மட்டும் அதைப் போட்டால் நிரம்பிய அடுத்த நிமிடம் மேலே வழியும்.

சங்கத்தில் முடிவாகிவிட்டது. வேலை நடக்கும்போது எதைப் பார்ப்பது?

தோண்டிய மண்ணின்மேல் ரோலரை ஓட்ட விடாதீர்கள். கான்ட்ராக்டர்கள் பழக்க தோஷத்தில் முதலில் செய்வது அதுதான்; இறுகிய மண் தண்ணீர் குடிக்காது. இறுக்க வேண்டியது ஜல்லியை மட்டும், அடுக்கு அடுக்காக.

ஜல்லி லோடு வந்ததும் ஒரு கை அள்ளி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தால் டஸ்ட் அதிகம். கழுவிக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஜல்லிக்கும் பக்கவாட்டு மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மண் கரைந்து உள்ளே வரும். வளாகத்தில் வேறு கட்டட வேலை, பெயிண்ட், தோட்ட வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக இதை வையுங்கள். தோட்டத்துச் செம்மண் மழையில் கரைந்து தளத்துக்கு வராதபடி ஓரத்தில் சின்னக் கரை வேண்டும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, முதல் இரண்டு ஆண்டுக்கான உறிஞ்சுச் சுத்தம் கான்ட்ராக்டர் பொறுப்பு. இன்னொன்று, பில்லில் பத்து சதவீதம் வடகிழக்குப் பருவமழை ஒன்று முழுசாகப் பெய்து முடித்த பிறகுதான் கொடுக்கப்படும்.